தகடூரிலிருந்து கிளம்பிய பாராட்டு

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஒரு வேலுக்குக்கூட முனை மழுங்கியிருக்கவில்லை. மயில்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் போட்டு வைத்திருந்தான். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக வந்த ஔவையாருக்கு அத்தனையையும் சுற்றிக் காட்டினான். எதற்குக் காட்டினான் என்பதில் ரகசியம் இல்லை. 'என்னிடம் இருப்பதைப் பார்த்துக்கொள், போய் உன் ஆளிடம் சொல்' என்பதுதான். ஔவையார் பார்த்தார், பாராட்டவும் செய்தார். இவை எவ்வளவு அழகு, எவ்வளவு பத்திரம்! எங்கள் தலைவனுடையவை இப்படி இல்லை. பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, எப்போது பார்த்தாலும் கொல்லனின் சின்னக் கொட்டகையில்தான் கிடக்கின்றன. புறநானூற்றின் 95ஆம் பாட்டு சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான்.

பள்ளியில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று நடத்துவார்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி. அடுத்த பீரியட் ஆங்கிலம். அங்கே ஐரனி என்று ஒன்று வரும், ஓ. ஹென்றியின் கதையில் கணவன் பைக்கடியாரத்தை விற்று மனைவிக்குச் சீப்பு வாங்குவான், மனைவி கூந்தலை விற்றுக் கடியாரத்துக்குச் சங்கிலி வாங்குவாள், அதுதான் ஐரனி என்பார்கள். முதல் பீரியடில் படித்ததற்கும் இதற்கும் உறவு உண்டு என்று யாரும் சொல்வதில்லை. இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று பேச்சில் இருக்கிறது, மற்றது நடப்பில் இருக்கிறது. தமிழில் அந்தப் பேச்சுவகையின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று கிளம்பிய இடம், நம் ஒசூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. 2004 பிப்ரவரி 9 வரை கிருஷ்ணகிரியும் ஒசூரும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

இது இரும்பு மண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு வயது சுமார் 4,200 ஆண்டு என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி வயல்வரப்புகளில் நடுகல் பார்க்காமல் நெடுந்தூரம் நடக்க முடியாது; கல்லில் நிற்கும் வீரன் கையில் வாளோ வில்லோ இருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவரிடம் புழங்காத வேலைக் காட்டிப் பெருமை பேசியது தொண்டைமான் செய்த பிசகு. பட்டறையில் கிடக்கும் ஒடிந்த வேல்தான் வேலை செய்த வேல் என்று ஔவையாருக்குத் தெரியும்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. பாட்டுக்குள் தொண்டைமான் பெயரே கிடையாது. கொட்டிலைச் சுற்றிக் காட்டிய கதையும் கிடையாது. 'இவை இப்படி, அவை அப்படி' என்ற இரண்டு வர்ணனையும் தன் தலைவனுக்கு ஒரு புகழ்ச்சியும்தான். அதியமான் தூது அனுப்பினான், தொண்டைமான் ஆயுதங்களைக் காட்டினான், அப்போது பாடியது என்ற செய்தி பாட்டின் அடியில் பழைய தொகுப்பாளர் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோது அந்தக் குறிப்பும் சேர்ந்து வந்தது. அதை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு தரப்பு ஆயுதம் நன்றாகப் பேணப்படுகிறது, இன்னொரு தரப்பு ஆயுதம் ரிப்பேரில் இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. குத்து இருப்பது சொல்லில் பாதி, சொன்ன இடத்தில் பாதி.

1926இல் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் இதைத்தான் வேறு விதமாகப் பிடித்தார். ஐரனிக்கு இரண்டு வகைக் கேட்பவர்கள் வேண்டும் என்றார் அவர். ஒருவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு புரியாமல் போகிறவர். இன்னொருவர் உள்ளே இருப்பதும் புரிந்து, முதலாமவருக்குப் புரியவில்லை என்பதும் புரிந்தவர். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அகராதிகள் சொல்லும் 'சொன்னதற்கு நேர் எதிரான பொருள்' போதாது. ஔவையார் சொன்னதில் எதிர்ப்பொருளே இல்லை. தொண்டைமான் வேல் உண்மையிலேயே பளபளப்பு. அதியமான் வேல் உண்மையிலேயே ஒடிசல். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் ஒரு அரசனைக் கோழை என்று அவன் அரண்மனையிலேயே சொல்லிவிட்டுத் திரும்பினார். தொண்டைமானுக்குப் புரிந்ததா இல்லையா என்று பாட்டும் சொல்லவில்லை, குறிப்பும் சொல்லவில்லை.

சரி, ஐரனிக்கு எதிர் எது? கிரேக்கர்களிடம் இதற்கு வேடிக்கையான பதில் இருந்தது. அவர்களுடைய நகைச்சுவை நாடகங்களில் அலசோன் என்று ஒரு பாத்திரம் வரும்: இல்லாததை இருப்பதாக அளந்துவிடும் ஜம்பக்காரன். அவனுக்கு எதிரே ஐரோன்: தெரிந்தும் தெரியாதவன் போல, இருந்தும் இல்லாதவன் போல நின்று, அப்பாவியாக ஒரு கேள்வி கேட்டு ஜம்பக்காரனைக் கவிழ்ப்பவன். இந்த ஐரோனிலிருந்துதான் ஐரனி வந்தது. அரிஸ்டாட்டில் ஒழுக்கத்தைப் பற்றி எழுதும்போது, உண்மை பேசுவது நடுவில், மிகைத்துப் பேசும் ஜம்பம் ஒரு கோடியில், குறைத்துப் பேசும் பாசாங்கு மறுகோடியில் என்று வைத்தார். ஆக, ஐரனிக்கு எதிர்ப்பக்கம் நிற்பது ஜம்பம். கிரேக்கத்தைத் தேடிப் போகவே வேண்டாம். 2000இல் வந்த 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் துபாய் போய்வந்த கதையை அளக்கும் வடிவேலு அலசோன். ஒன்றும் தெரியாத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அவரை அழவிடும் பார்த்திபன் ஐரோன். கொட்டிலில் நின்ற தொண்டைமானும் ஔவையாரும் இதே ஜோடிதான். ஏதென்சிலிருந்து இங்கே யாரும் கொண்டுவரவில்லை. பெருமையடிக்கிறவன் இருக்கும் ஊரிலெல்லாம் எதிரே ஒருவர் முளைப்பார்.

தமிழும் வடமொழியும் எதிர் என்று சொன்னது வேறொன்றை. புகழ்வதுபோலப் பழிப்பதற்கு எதிர், பழிப்பதுபோலப் புகழ்வது. தண்டியலங்காரம் இந்த இரண்டையும் இலேச அணியில் சேர்த்தே வைக்கிறது. இங்கே அந்தப் பாராட்டின் பயணத்தில் ஒரு சுவையான திருப்பம். தொண்டை நாட்டின் தலைநகர் காஞ்சி. ஔவையாருக்குப் பல நூற்றாண்டு கழித்து, கி.பி. 700ஐ ஒட்டி, அதே காஞ்சியில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி, காவியாதர்சம் என்ற வடமொழி அணிநூலை எழுதினார். தொண்டைமான் குத்து வாங்கிய நாட்டிலேயே அந்தக் குத்துக்கு இலக்கணமும் எழுதப்பட்டது. அந்த நூல் சும்மா இருக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர் அவையில் கன்னடக் கவிராஜமார்க்கமாகியது. கன்னடத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுதான். இலங்கையில் சியபஸ்லகர என்று சிங்களம் ஆனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமிழில் தண்டியலங்காரம். அதற்கும் பிறகு திபெத் வரை போயிருக்கிறது. காவிரிக்கும் கோதாவரிக்கும் நடுவில் இருப்பது கன்னட நாடு என்று கவிராஜமார்க்கம் எல்லை சொல்கிறது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் கொடி பிடித்து எல்லைத் தகராறு செய்கிறவர்கள் இரு பக்கமும் உண்டு. அவர்கள் கன்னடத்தில் கிண்டலடித்தாலும் தமிழில் கிண்டலடித்தாலும் இரண்டு மொழியின் அணி இலக்கணமும் படித்தது ஒரே காஞ்சி வாத்தியாரிடம்தான்.

திருவள்ளுவர் வஞ்சப்புகழ்ச்சியைக் கையாண்ட இடம் கயமை அதிகாரம், குறள் 1073. கயவர்களைத் தேவர்களோடு ஒப்பிடுகிறார். இருவரும் தாம் நினைத்தபடி நடப்பவர்கள், கேட்பார் கிடையாது என்பது காரணம். பாடநூல்களில் வஞ்சப்புகழ்ச்சிக்கு மேற்கோளாக வருவது பெரும்பாலும் இதுதான். என் கணக்கில் இது ஔவையாருடையதைவிட ஒரு படி கீழே. இங்கே ஏமாறுகிறவர் யாரும் எதிரில் இல்லை. படிக்கும் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது. கூர்மை இருக்கிறது, ஆபத்து இல்லை.

எதிர்த்திசைப் பேச்சு, அதாவது திட்டுவதுபோலக் கொஞ்சுவது, கோயிலுக்குள் போய்ப் பெரிதாக வளர்ந்தது. சுந்தரர் தொடங்கியதே சிவனைப் பித்தன் என்று அழைத்துத்தான். பார்வை இழந்தபின் திருவாரூருக்கு வந்து, நான் இப்படிக் கிடக்கிறேன், நீர் நன்றாக இரும் ஐயா என்கிற தொனியில் ஒரு பதிகம் முழுக்கப் பாடினார். அதில் பக்தியும் குத்தலும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் நிந்தாஸ்துதி என்ற இந்தப் பழித்துப் புகழ்தலை ஒரு விளையாட்டாகவே ஆக்கினார். கன்னடத்தில் புரந்தரதாசர் விட்டலனோடு சண்டை போட்டார். தெலுங்கில் பத்ராசலம் ராமதாசர் கோல்கொண்டா சிறையிலிருந்து, உனக்குச் செய்துபோட்ட நகையெல்லாம் யார் காசு என்று ராமனிடமே கணக்குக் கேட்டார். ஒசூர்ப் பக்கம் இந்த மூன்று மொழியையும் ஒரே தெருவில் பேசுகிறார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு மொழி நடக்கும். மூன்றிலும் சாமியைத் திட்டலாம். மூன்றிலும் பிள்ளையைத் திருட்டுப்பயலே என்று கூப்பிட்டுச் சோறு போடலாம்.

இனி ஆங்கிலப் பக்கம். ஐரனி என்ற சொல் லத்தீன் வழியாக பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. 1589இல் புட்டனம் என்பவர் கவிதைக்கலை பற்றி எழுதிய நூலில் அதை வறண்ட கேலி என்று பெயரிட்டார். கசப்பான ஏசல் என்று சர்காசத்தைத் தனியே பிரித்தார். இந்தப் பிரிவினை இன்றும் செல்லும். 'வாங்க சார், இப்பத்தான் பொழுது விடிஞ்சுதா?' என்று தாமதமாக வந்தவரின் முகத்துக்கு நேரே கேட்டால் அது சர்காசம். கேட்கிறவருக்குக் குத்து புரிய வேண்டும், புரிந்து வலிக்க வேண்டும். ஔவையார் செய்தது அதுவல்ல.

மூன்று நூற்றாண்டு வரை ஆங்கிலத்தில் ஐரனி என்பது பெரும்பாலும் பேச்சாக மட்டுமே இருந்தது. 1833இல் தேர்ல்வால் என்ற பாதிரியார் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீசின் நாடகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேடையில் இருப்பவனுக்குத் தெரியாது, பார்க்கிற நமக்குத் தெரியும். அவன் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நமக்கு வேறு பொருளில் கேட்கிறது. இதையும் அவர் ஐரனி என்றார். பெயர் புதிது, சரக்கு பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலன் தன் மனைவியின் சிலம்பை நம்பிக் கையில் கொடுத்து விலை கேட்பது, அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கும் பொற்கொல்லனிடமே. கோவலன் மரியாதையாகப் பேசப் பேச நமக்கு அடிவயிறு கலங்கும். நம் அணி நூல்கள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. அவை சொல்லை எண்ணினவே தவிர விதியை எண்ணவில்லை. இந்த இடத்தில் ஆங்கிலத்திடம் நாம் கடன் வாங்கியது நியாயம்தான்.

ஆனால் பேச்சிலிருந்து நடப்புக்குத் தாவியதும் அந்தச் சொல்லுக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது. எதிர்பாராதது எல்லாம் ஐரனி, துரதிர்ஷ்டம் எல்லாம் ஐரனி. 1996இல் கனடாப் பாடகி அலனிஸ் மோரிசெட் இந்தத் தலைப்பிலேயே ஒரு பாட்டில் வரிசையாகத் துரதிர்ஷ்டங்களை அடுக்க, இதில் எதுவும் ஐரனி இல்லையே என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். நம் ஊரில் இப்போது அந்தச் சண்டைக்குக்கூட வழி இல்லை. 'என்ன ஒரு ஐரனி பாருங்க' என்பது 'என்ன ஒரு கொடுமை பாருங்க' என்பதன் இங்கிலீஷ் மீடியம் வடிவம் ஆகிவிட்டது.

ஒரு சோதனை வைக்கலாம். அதியமான் நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்தான், புறநானூறு 91. பிறகு அவன் இறந்தான், ஔவையார் இருந்து கையறுநிலை பாடினார், அது 235. இது ஐரனியா? பலர் ஆம் என்பார்கள். நான் இல்லை என்பேன். கனி கொடுத்தவன் கண் திறந்துதான் கொடுத்தான், அதன் பலன் என்ன என்று தெரிந்தே கொடுத்தான். ஏமாந்தவர் யாரும் இல்லாத இடத்தில் இருப்பது துக்கம். இன்னொன்று: ஒடிந்த வேலை வைத்துத் தொண்டைமானைக் குத்திக்காட்டிய தகடூரைக் கடைசியில் வீழ்த்தியவன் தொண்டைமானே இல்லை, சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து அவனைத் தகடூர் எறிந்தவன் என்று கொண்டாடுகிறது. அந்தப் போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்ற நூலே தொலைந்து, சில பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எந்தத் திசையைப் பார்த்துக் காவல் நின்றார்களோ அது தவறிப்போனது. இதை வேண்டுமானால் ஐரனி என்று சொல்லலாம்.

சோதனையை ஒசூருக்கே கொண்டுவருவோம். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர், தொழிலில் அரசு கைவைத்து எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க வைப்பதை 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று பெயர் சூட்டி ஏளனம் செய்தார். வெள்ளைக்காரனின் ராஜ்ஜியத்தை விரட்டச் சிறை சென்ற மனிதர், சுதேசி அரசுக்கு அதே ராஜ் பட்டத்தைக் கட்டினார். புட்டனத்தின் பட்டியலில் அது கசப்பான ஏசல் வகை. 1972 டிசம்பர் 25 அன்று காலமானார்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? 1971இல் அரசு தொடங்கிய சிப்காட், ராஜாஜி பிறந்த இந்தத் தாலுகாவில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை போட்டது. பின்தங்கிய பகுதி என்று சலுகை கொடுத்தது. 1980ஐ ஒட்டி டிவிஎஸ் மொபெட் ஒசூரிலிருந்து ரோட்டுக்கு வந்தது, அசோக் லேலண்ட் ஆலை வந்தது. 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஒசூரில் கடியாரம் செய்தார்கள். அரசு விலகி நின்றால்தான் தொழில் வளரும் என்று சொன்னவரின் சொந்தத் தாலுகாவில் அரசு விரல் காட்டிய இடத்தில் தொழில் வளர்ந்தது. தேர்ல்வால் கணக்குப்படி இது சரியான ஐரனி: சொன்னவர் மேடையை விட்டுப் போய்விட்டார், முடிவு தெரிந்த நாம் கீழே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ராஜாஜி கட்சிக்காரர் ஒருவர் இருந்தால் எழுந்து, 1991இல் லைசென்ஸ் கட்டுகளை அவிழ்த்த பிறகு ஒசூர் என்ன வேகத்தில் வீங்கியது என்று பாரும் என்பார். 2019இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. யார் ஏமாந்தவர், யார் பார்வையாளர் என்பது நீங்கள் எந்த வரிசையில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், முதல் வாதம்தான் பலம். இங்கே சும்மா கிடந்த நிலத்துக்கு ரோடும் கரண்டும் யாரோ முதலில் போட வேண்டியிருந்தது.

இப்போது ஔவையாரின் அந்தப் பாராட்டு ஒசூர் ஆலைக்குள் வந்து நிற்கிறது, அங்கேதான் முதல்முறையாக அதற்குக் கால் இடறுகிறது. ஒசூர், சூளகிரி, போச்சம்பள்ளி ஆலைகளின் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு இந்தி, ஒடியா, அசாமி எல்லாம் ஓடுகிறது. நேற்று வந்து சேர்ந்த பையன் 'ஷிப்ட்', 'ரிஜெக்ஷன்', 'ஓகேண்ணா' மூன்றையும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வான். இன்னொரு மாதத்தில் கெட்ட வார்த்தை எல்லாம் தெரிந்துவிடும். கடைசியாக வருவது குத்தல். 'ஆகா, என்ன அழகா பண்ணியிருக்க தம்பி!' என்று சூப்பர்வைசர் ரிஜெக்ட் ஆன பீசைத் தூக்கிக் காட்டினால், பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவனும் பாராட்டு என்று நினைத்துச் சிரிப்பான். ஃபௌலர் சொன்ன இரண்டு கேட்பவர்களும் அங்கே அச்சாக இருக்கிறார்கள். இலக்கணப்படி ஐரனி வெற்றி. ஆனால் தொண்டைமான் அரசன். ஜம்பம் அடித்தான், குத்து வாங்கினான், நியாயம். இந்தப் பையன் எந்த ஜம்பமும் அடிக்கவில்லை. மொழி தெரியாதவனை வைத்து நடத்தும் கிண்டலில் அணியின் பெயர் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஔவையார் பலசாலியிடம் அதைப் பேசினார் என்பதை நாம் பாடத்தில் சேர்க்கவே இல்லை.

எதிர்த்திசைப் பேச்சுக்கு இந்தத் தொந்தரவு குறைவு. 'டேய் திருடா, சாப்டியாடா?' என்று கேண்டீனில் கேட்டால் வார்த்தை புரியாவிட்டாலும் தோளில் விழும் கை புரிந்துவிடும். புகழுக்குள் இருக்கும் பழியைக் கேட்க மொழி வேண்டும். திட்டுக்குள் இருக்கும் பிரியத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

எழுத்தில் தொனி தொலைகிறது என்ற கவலை பழசு. 1668இல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், ஐரனி வரும் இடத்தில் ஆச்சரியக்குறியைத் தலைகீழாகப் போடலாம் என்றார். 1899இல் ஒரு பிரெஞ்சுக் கவிஞர் கேள்விக்குறியைத் திருப்பிப் போட்டதுபோன்ற ஒரு குறியை முன்வைத்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், இது விளையாட்டுக்குச் சொன்னது என்று காட்ட முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகம் போட்டார். அதன் பேரப்பிள்ளைகள்தான் ஷிப்ட் வாட்ஸாப் குரூப்பில் வரும் கைதட்டலும் கும்பிடும். லேட்டாக வந்தவருக்குப் போடும் கும்பிடு மரியாதையா, குத்தலா என்று கும்பிடுக்குத் தெரியாது. புறநானூற்றின் பழைய தொகுப்பாளர் எழுதிய அந்த ஒன்றரை வரிக் குறிப்பு செய்த வேலையை இதுவரை எந்தப் படக்குறியும் செய்ததில்லை.

ஆகவே லைனில் நிற்கும் சூப்பர்வைசர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வார்த்தை. மேனேஜர் மீட்டிங்கில் ஜம்பம் அடித்தால் தாராளமாகப் பாராட்டிவிட்டு வாருங்கள். அதற்கு இந்த மண்ணில் 2,000 வருஷத்து முன்னுதாரணம் இருக்கிறது. பீஸ் தப்பு என்றால் மட்டும் தப்பு என்றே சொல்லுங்கள். புதிதாக வந்தவருக்கு நீங்கள் சொன்ன 'சூப்பர்' சூப்பராகத்தான் கேட்கும், அடுத்த பீசையும் அதே மாதிரியே போட்டு வைப்பார்.